ஓவியத்தில் நான் கண்ட பொருள் ஓவியர் வைத்ததுதானா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நீலச்சுவர்:
டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ, ஆளில்லாத தம் சொந்த அறையை வரைந்த 'படுக்கையறை' ஓவியத்தை இங்கே அறியாதவர் இருக்கமாட்டார்கள் என்பதால் நேராகச் செய்திக்கு வருகிறேன். என் அப்பா கடைசிப் பதினோரு நாட்கள் படுத்திருந்த மருத்துவமனை அறையில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அதன் அச்சுப்படி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதுவரை அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத அம்மா, ஒன்பதாம் நாள் இரவு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த அறையில் இருந்தவர் எழுந்து போய்விட்டாரா, இல்லை இனிமேல்தான் வரப்போகிறாரா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே கட்டிலில் இரண்டு தலையணைகள், ஆளில்லாத இரண்டு நாற்காலிகள், கொக்கிகளில் தொங்கும் உடைகள், இவற்றையெல்லாம் சூழ்ந்து நின்ற அந்த நீலச்சுவர். ஒருவர் போன பிறகு அவர் இருந்த இடத்தில் தங்கிவிடும் குளிர்ச்சி அதுதான் என்று எனக்குப் பட்டது. அப்பா மறைந்த பின் வந்த மாதங்களில் அந்த நீலத்தைப் பற்றிக்கொண்டுதான் நாட்களைக் கடத்தினேன்.

அந்தச் சுவர் நீலமாகத் தீட்டப்பட்டதே அல்ல என்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், சுவர்கள் வெளிர் ஊதா நிறம் என்றும், நிறங்கள் ஓய்வையும் உறக்கத்தையும் உணர்த்த வேண்டும் என்பதே தமது எண்ணம் என்றும் வான்கோ குறிப்பிட்டிருக்கிறார். ஊதாவுக்காக அவர் சேர்த்த சிவப்புச் சாயம் காலப்போக்கில் ஒளிபட்டு மங்கிவிட, நீலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர் வைத்தது ஓய்வு. நான் எடுத்துக்கொண்டது வெறுமை. என்னைத் தாங்கி நின்ற ஒன்று ஒரு சாயம் வெளுத்ததன் விளைவுதானா என்ற கேள்வி என்னை விடவில்லை.

அரைக்கதவு:
நான் ஓவியம் தீட்டுபவன். உங்கள் கேள்வியை மறுபக்கத்திலிருந்து ஒருமுறை சந்தித்திருக்கிறேன். பாதி திறந்த கதவு ஒன்றை வரைந்து, ஒரு குழுக் கண்காட்சியில் வைத்திருந்தேன். ஒளி எப்படி விழுகிறது என்பதைக் காட்டும் பயிற்சி என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். மூன்றாம் நாள் மாலை, முதியவர் ஒருவர் படத்துக்குப் பக்கவாட்டில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே நிற்பவர் ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் இருந்தது கரும்பழுப்பு வண்ணம் மட்டுமே. ஆனால் அந்த வண்ணத்துக்கு அடியில், பல ஆண்டுகளாக என்னோடு பேசாத என் அண்ணனை முதலில் வரைந்து, பிறகு பொறுக்கமாட்டாமல் மூடியிருந்தேன். காய்ந்த வண்ணத்தின் மேடு சாய்வெளிச்சத்தில் தோள் வடிவமாய்த் தெரிந்திருக்க வேண்டும். அவர் போன பின் நானும் அதே இடத்தில் நின்று பார்த்தேன், தோள் தெரிந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று நான் மறைத்ததை முன்பின் தெரியாத ஒருவர் படித்துவிட்டாரே என்ற நடுக்கம் இன்னும் போகவில்லை.

சுரண்டல்தடம்:
நீலச்சுவர் அவர்களின் துயரத்தை மதிக்கிறேன். ஆயினும் பார்ப்பவர் எதைக் கண்டாலும் அதுவே பொருள் என்ற முடிவை நோக்கி இந்த உரையாடல் நகர்வதை என்னால் ஏற்க முடியாது. அரைக்கதவு சொன்ன நிகழ்ச்சியே என் பக்கம்தான் பேசுகிறது. அந்த முதியவர் கற்பனை செய்யவில்லை, உண்மையில் அங்கே இருந்ததையே கண்டார்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் வரைந்த 'நோயுற்ற குழந்தை'யை முதன்முதலில் ஒரு நூலில் பார்த்தபோது, தலையணையில் சாய்ந்திருக்கும் சிறுமியின் அருகில் தலைகுனிந்திருக்கும் பெண் களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மூங்கின் அக்காள் சோஃபி 1877-இல் தமது 15-ஆம் வயதில் காசநோயால் இறந்ததையும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை அவர் ஆறு முறை வண்ணத்தில் தீட்டியதையும் பின்னர்தான் அறிந்தேன். அதன் பிறகு முதல் ஓவியத்தின் எதிரே நேரில் நின்றபோது, வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டி எடுப்பதுமாக அவர் விட்டுச்சென்ற கீறல்கள் கண்ணில் பட்டன. அந்தக் கீறல்களைத் தவிர அன்று வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அறியாமல் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது என் களைப்பு மட்டுமே. ஊதா நிறத்தைப் பற்றி அறிந்துகொண்டது உங்களுக்கு இழப்பல்ல என்றே கருதுகிறேன்.

இரவுப்பணியாளர்:
நான் எட்டு ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தவள். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர், இரவில் விளக்கெரியும் ஓர் உணவகத்தைக் காட்டி 1942-இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தைத் தனிமையின் படம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அதை முதன்முறையாகக் கணினித் திரையில் பார்த்த எனக்கோ பொறாமைதான் வந்தது. ஒரே விளக்கின் கீழ் நான்கு பேர் விழித்திருக்கிறார்களே என்று. பிறகு, தெருவிலிருந்து அந்த உணவகத்துக்குள் நுழைய ஒரு கதவைத் தேடினேன். ஓவியர் அப்படியொரு கதவை வரையவே இல்லை. அன்று என் மேசையில் அமர்ந்து அழுதேன்.

சுரண்டல்தடம் அவர்களுக்கு ஒன்று: அந்த இடத்தைத் தாம் அவ்வளவு தனிமையானதாகக் காணவில்லை என்றும், ஒருவேளை தம்மையறியாமலே ஒரு பெருநகரத்தின் தனிமையை வரைந்திருக்கலாம் என்றும் ஹாப்பரே கூறியிருக்கிறார். வரைந்தவருக்கே முழுதாகத் தெரியாதபோது, எதை அறிந்துகொண்டு வரும்படி எங்களிடம் சொல்கிறீர்கள்?

கூர்ந்துபார்:
நான் சொல்லவேண்டிய அனுபவம் சிறியது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் இறுதிக் காலத்தில் வரைந்த 'ஊதாரி மகனின் திரும்புகை'யில் (சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய மகனைத் தந்தை ஏற்றுக்கொள்ளும் பைபிள் கதை அது), மண்டியிட்ட மகனின் முதுகில் தந்தை வைத்திருக்கும் இரு கைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று அகன்று உறுதியாகவும் மற்றது மென்மையாகவும் இருக்கிறது. ஒன்று தந்தையின் கை, மற்றது தாயின் கை என்று பலர் சொல்வார்கள். நான் கண்டது மகனின் செருப்பு நழுவிய பாதத்தைத்தான். வீடு திரும்பிய ஒரு நாளில் என் கால் இருந்த நிலை அது.

இனி, இதுவரை பேசியவர்கள் அனைவருக்கும் சில வார்த்தைகள். யாரும் கேட்கவில்லை என்றாலும், பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓவியத்தின் அருகிலுள்ள குறிப்பட்டையை முதலில் படிக்காதீர்கள். கண் முதலில் எங்கே போய் நின்றது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே படியுங்கள், ஏனெனில் பெயரைப் படித்த கண் பெயரையே தேடும். தூரத்தில் நின்றும், நெருங்கியும், அரைக்கதவு சொன்ன முதியவரைப் போலப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். அச்சுப்படியையும் திரையையும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ரெம்பிராண்டின் அந்த ஓவியம் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமுடையது. நேரில் அந்தப் பாதம் உங்கள் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும், நூலில் அது விரல்நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஓவியரின் வாழ்க்கையைக் கட்டாயம் படியுங்கள், ஆனால் முதல் பார்வைக்குப் பிறகு படியுங்கள். படித்த பின் மறுபடியும் போய்ப் பாருங்கள். ஓராண்டு கழித்து அதே ஓவியத்தின் முன் நின்று, பழைய குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுரண்டல்தடம் செய்ததும் இதுவேதான். முதல் பார்வையை வீண் என்று அவர் தள்ளிவிடுவதுதான் எனக்கு வருத்தம். களைத்த ஒரு பெண்ணை அவர் அன்று கண்டிருக்காவிட்டால், பின்னால் அந்தக் கீறல்கள் அவரை அவ்வளவு தாக்கியிருக்குமா?

சுரண்டல்தடம்:
தாக்கியிருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பார்வையோடு நின்றுவிட்டவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். என் கவலை அது.

அரைக்கதவு:
அந்த ஓவியம் இப்போது என் பணியறையில்தான் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. மேல்வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்கவும் துணிவில்லை.

நீலச்சுவர்:
அனைவருக்கும் நன்றி. கூர்ந்துபார் சொன்னபடி மறுபடியும் பார்ப்பது என்று முடிவு செய்து, மங்கிய நிறத்தை ஆய்வாளர்கள் கணித்து மீட்டுக் காட்டிய ஊதாச்சுவர்ப் படத்தை நேற்று அம்மாவிடம் காட்டினேன். நீலப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். கடிதத்தைப் பற்றியோ சாயத்தைப் பற்றியோ நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஊதாவின் மேல் விரலை வைத்து, "இந்த அறையில் ஆள் இருக்கிறார், வெளியே எங்கேயோ போயிருக்கிறார், படுக்க வந்துவிடுவார்" என்றார். பிறகு நீலத்தை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.