ஆன்டிபயாடிக் மருந்துக்குப் பின் குடல் நுண்ணுயிரிப் பரிசோதனை தேவையா?

கேள்வி: அம்மாபேட்டைத் தறிக்காரர்

வணக்கம். நெஞ்சுச் சளித் தொற்றுக்காக ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டதிலிருந்து என் தந்தைக்கு வயிறு மந்தமாகவே இருக்கிறது. ஜவ்வரிசிக் கஞ்சியைத் தவிர வேறு எதையும் அவர் விரும்புவதில்லை. மலத்தின் மாதிரியைக் கொடுத்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகளை ஆராய்ந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கி, அதற்கேற்ற ப்ரோபயாடிக் (உயிருள்ள, நன்மை தரும் நுண்ணுயிரிகள் அடங்கிய) மாத்திரையும் தருவதாகச் சேலத்தில் ஓர் ஆய்வகத்தார் கூறுகிறார்கள். நம் உடலில் மனிதச் செல்களைவிட நுண்ணுயிரிகள் பத்து மடங்கு என்று அவர்களின் துண்டறிக்கை சொல்கிறது. கட்டணம் அதிகம். செய்யலாமா? முன்பெல்லாம் தினமும் புளித்த மாவு இட்லி உண்டு பழகியவருக்கு மாத்திரை எதற்கு என்றும் தோன்றுகிறது.

பதில்: நுண்ணுயிரியல் ஆசிரியர், ஓமலூர்

முதலில் அந்தத் துண்டறிக்கை. பத்து மடங்கு என்பது பழைய கணக்கு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2016இல் கணக்கிட்டபோது, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என ஏறத்தாழ சமமாகவே வந்தது.

மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன். அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்டம் 242 நலமான பெரியவர்களை ஆராய்ந்து, நலமாக இருப்பவர்களிடையேகூட நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதை 2012இல் காட்டியது. அப்படியிருக்க, நூற்றுக்கு நூறு வாங்கும் குடல் எது என்று யார் முடிவு செய்வது? ஒரு நோயுடன் சில நுண்ணுயிரிகள் சேர்ந்து காணப்படுவதாலேயே அவைதான் நோயை உண்டாக்கின என்றும் ஆகிவிடாது. பருமனான மனிதரின் குடல் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியதை அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கோர்டனின் குழு 2013இல் காட்டியது உண்மையே; ஆனால் அவை நுண்ணுயிரியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள்; அதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது.

மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஆன்டிபயாடிக்கிற்குப் பின் ப்ரோபயாடிக் உண்டவர்களுக்கு, அதை உண்ணாதவர்களைவிடச் சொந்த நுண்ணுயிரிகள் திரும்பத் தாமதமானதை அதே வைஸ்மன் நிறுவனத்தில் 2018இல் கண்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆயினும் புறந்தள்ளக்கூடியதல்ல. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் மடிந்துவிடும். உயிரோடு வேண்டுமென்றால் தயிரும் நீராகாரமும் இருக்கின்றன.

பதில்: பொது மருத்துவர், ஆத்தூர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆன்டிபயாடிக்கிற்குப் பின் நீர்த்த வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவை வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்; குடலில் வழக்கமான நுண்ணுயிரிகள் குறைந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற நோய்தரும் பாக்டீரியா பெருகியிருக்கலாம். அந்தத் தொற்று மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு நலமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிரிகளைச் செலுத்தும் சிகிச்சை உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். நுண்ணுயிர் ஆராய்ச்சியிலிருந்து உறுதியாகக் கைக்கு வந்த மருத்துவம் என்று நான் சொல்லக்கூடியது பெரும்பாலும் இதுவே.

பதில்: ஏற்காட்டு விவசாயி

ஜவ்வரிசி நம் மாவட்டத்துப் பெருமைதான், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர என்ன இருக்கிறது? சேர்வராயன் மலைச் சாமையைக் கொடுத்துப் பாருங்கள். கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை வாங்காதீர்கள். தீட்டியதில் தவிடு போயிருக்கும்.

பதில்: பொது மருத்துவர், ஆத்தூர்

சரியான யோசனை. பெருங்குடல் நுண்ணுயிரிகள் தவிட்டில் உள்ளது போன்ற நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் அமிலம்தான் குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். ஆனால் கஞ்சி மட்டுமே குடித்துவந்தவருக்கு சாமையை ஒரேயடியாகக் கொடுத்தால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். ஒரு கைப்பிடியில் தொடங்கி, போதிய தண்ணீரோடு, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.