ஒரே ஆட்டம்: செயலியில் கறுப்பு ஜெயித்தது, வகுப்பில் வெள்ளை ஜெயித்தது. எப்படி?

மகிழ்அம்மா எழுதியது:

வணக்கம். என் மகள் தொடக்கநிலை ஐந்து. சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் வெய்ச்சி வகுப்புக்குப் போகிறாள். கோ என்கிறார்களே, அதே ஆட்டம்தான். இங்கே எல்லாரும் வெய்ச்சி என்று சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஆடத் தெரியாது. கல்லைச் சுற்றி அடைத்தால் பிடிபடும், காலி இடத்தை வளைத்தால் புள்ளி, அவ்வளவுதான் என் ஞானம்.

போன வாரம் கைப்பேசிச் செயலியில் யாரோ முகம் தெரியாத ஆளுடன் 19க்கு 19 பலகையில் முழு ஆட்டம் ஆடினாள். இவள் கறுப்பு. கறுப்பு அரைப் புள்ளியில் வெற்றி என்று திரையில் வந்ததும் வீடே அதிர்ந்தது. சனிக்கிழமை அதை ஆசிரியரிடம் காட்டியிருக்கிறாள். அவர் கடைசி நிலையை அப்படியே பலகையில் அடுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "184தான், ஒன்று குறைகிறது, வெள்ளை ஜெயித்தது" என்றாராம். செயலி ஜப்பான் விதி, நாம் சீன விதி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். பஸ்ஸில் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

செயலியில் இருந்த கணக்கை அப்படியே தருகிறேன். கறுப்பு வளைத்த காலி இடம் 62, பிடித்த வெள்ளைக் கல் 9. வெள்ளை வளைத்த இடம் 51, பிடித்த கறுப்புக் கல் 13, கோமி 6.5. மொத்தம் 270 நகர்வு, பொது இடம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிக் கல் வெள்ளையுடையது.

ஒரே பலகை, ஒரே கற்கள். எண்ணுகிற முறை மாறினால் ஜெயித்தவர் எப்படி மாறுவார்? இதில் யார் கணக்கு தப்பு?

---

அரைப்புள்ளி எழுதியது:

யார் கணக்கும் தப்பில்லை அக்கா. விவரமாக எண்ணிக்கை கொடுத்ததற்கு நன்றி, அதனால் முழுசாகப் போட்டுக் காட்ட முடிகிறது.

ஜப்பான் விதியில் உங்கள் புள்ளி என்பது நீங்கள் வளைத்த காலி இடமும் பிடித்த எதிரிக் கல்லும். மகளுக்கு 62 + 9 = 71. வெள்ளைக்கு 51 + 13 = 64. வித்தியாசம் 7. கறுப்பு முதலில் ஆடுகிற சலுகைக்கு ஈடாக வெள்ளைக்கு 6.5 கோமி. 7லிருந்து 6.5 போனால் மிச்சம் அரை. கறுப்பு வெற்றி.

சீன விதியில் பிடித்த கல்லுக்கு மதிப்பே கிடையாது. அதற்குப் பதிலாக, பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, கூடவே காலி இடம். 270 நகர்வு என்றால் ஆளுக்கு 135 கல் வைத்திருக்கிறார்கள். கறுப்பில் 13 பிடிபட்டது, மிச்சம் 122. 122 + 62 = 184. வெள்ளையில் 9 போனது, மிச்சம் 126. 126 + 51 = 177. இரண்டையும் கூட்டினால் 361, பலகையில் மொத்தமே அவ்வளவு சந்திப்புகள்தான். ஆசிரியர் சொன்ன அதே 184.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். 184க்கும் 177க்கும் இடையே அதே 7! பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் இரண்டு முறையும் உள்ளுக்குள் ஒன்றுதான். ஒரு கல் பிடிபட்டால் ஜப்பான் முறையில் எதிரிக்கு ஒன்று கூடுகிறது, சீன முறையில் உங்களுக்கு ஒன்று குறைகிறது. இருவரும் சம எண்ணிக்கையில் கல் வைத்திருந்தால் வித்தியாசம் மாறவே மாறாது. கறுப்பு ஒரு கல் கூடுதலாக, அதாவது கடைசிக் கல்லைக் கறுப்பு வைத்து முடிந்திருந்தால், சீன முறையில் கறுப்புக்கு ஒன்று கூடும்.

அப்படியென்றால் மகள் எங்கே தோற்றாள்? கோமியில். சீன விதியில் கோமி 7.5. ஏழு போதவில்லை. 361ல் பாதி 180.5, அதோடு கோமியில் பாதி 3.75 சேர்த்தால் 184.25. கறுப்பு அதைத் தாண்ட வேண்டும், அதாவது 185 வேண்டும். அதனால்தான் "ஒன்று குறைகிறது".

ஜப்பானில் 2002 வரை 5.5தான் இருந்தது, அப்புறம்தான் 6.5 ஆனது. சீனா 7.5க்குப் போனது. சீனர்கள் ஏன் 6.5 வைக்கவில்லை என்றால், வைத்தும் பெரிய பயன் இல்லை. 361 ஒற்றைப்படை என்பதால் பலகை முழுசாகப் பங்கிடப்பட்டால் வித்தியாசமும் எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் வரும், 5, 7, 9 என்று. 6 வராத இடத்தில் 5.5க்கும் 6.5க்கும் என்ன வேறுபாடு? அடுத்த படி 7.5தான்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை. வழக்கமான ஆட்டத்தில், செகி மாதிரி சிக்கல் எதுவும் இல்லாமல் இருவரும் கடைசி வரை மாறி மாறி ஆடியிருந்தால், இரண்டு விதியும் வேறு வேறு ஆளை ஜெயிக்க வைப்பது ஒரே ஒரு நிலையில்தான்: ஜப்பான் முறையில் கோமிக்கு முன் கறுப்பு சரியாக 7 முன்னால் இருக்கும்போது. உங்கள் மகள் அந்தக் குறுகலான சந்தில் போய் மாட்டிக்கொண்டாள். நான் வருஷக்கணக்கில் ஆடுகிறேன், எனக்கு இப்படி ஓர் ஆட்டம் அமைந்ததில்லை. பாப்பாவிடம் அந்த ஆட்டப் பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் பழகும் பிள்ளைகளுக்குச் சீன விதிதான் நல்லது. காரணம் இதுதான்: சொந்த இடத்துக்குள்ளேயே ஒரு கல் வைத்தால் ஜப்பான் முறையில் ஒரு புள்ளி போச்சு. சீன முறையில் காலி இடம் கல்லாக மாறுகிறது, அவ்வளவுதான், நஷ்டம் இல்லை. "இந்தக் கல் செத்ததா, உயிரா" என்று இரண்டு பிள்ளைகளுக்குள் தகராறு வந்தால், ஆடிக் காட்டு என்று சொல்லிவிடலாம். ஆடிக் காட்டுவதற்குச் செலவில்லை.

---

கருங்கல் எழுதியது:

தம்பி கணக்கு சுத்தம். ஆனால் கடைசிப் பத்தியை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது மதிய இடைவேளையில் கற்றுக்கொண்டவன். அங்கே எண்ணுவதைப் பார்ப்பதே ஓர் அழகு. ஆட்டம் முடிந்ததும் பிடித்த கல்லை எல்லாம் எதிரியின் காலி இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள், அவருடைய இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. பிறகு ஓரக் கற்களை ஒன்றிரண்டு நகர்த்தி, மிச்சமிருக்கும் காலி இடத்தைப் பத்தும் இருபதுமாக நீள்சதுரமாக்குவார்கள். பார்த்ததும் பதில் தெரிந்துவிடும். ஆட்டத்தின் உருவமும் பெரும்பாலும் கலையாமல் நிற்கும். சீன முறையில் ஒரு நிறத்தை மட்டும்தான் எண்ணுவார்கள். காலி இடத்தைப் பத்து பத்தாக்கி எண்ணிவிட்டு, மிச்சக் கற்களை வழித்து எடுத்துப் பத்து பத்தாகக் குவிப்பார்கள். எண்ணி முடித்த பிறகு எந்தச் சண்டை எங்கே நடந்தது என்று ஒன்றும் மிஞ்சாது.

அழகை விடுங்கள். சொந்த இடத்தில் வீணாக ஒரு கல் வைத்தால் புள்ளி போகும் என்ற பயம்தான் பிள்ளைக்கு எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். எதிரி உள்ளே ஒரு கல்லைப் போடுகிறான், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமா வேண்டாமா? சீன விதியில் கடைசி நேரத்தில் பயந்து பதில் ஆடினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஜப்பான் விதியில், எதிரி கல் வைக்காமல் பாஸ் சொல்லும் நேரத்தில் நீங்கள் பயந்து ஒரு கல் சேர்த்தால், அதற்கு விலை உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். ஜப்பான் விதியின் எழுத்து வடிவம் ஒரு வழக்கறிஞர் வேலை. இப்போது இருப்பது 1989ல் நிஹோன் கியின், கன்சாய் கியின் இரண்டு அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. ஆட்டம் நின்ற பிறகு எது உயிர், எது சாவு என்று கற்பனையில் ஆடிப் பார்த்து முடிவு செய்ய அதில் தனிப் பகுதியே இருக்கிறது. மூலையில் வளைந்த நான்கு என்று ஒரு வடிவம் வரும், ஆசிரியரிடம் கேளுங்கள், காட்டுவார். ஜப்பானில் அது ஆடாமலேயே செத்ததுதான். இங்கே கோ என்பது ஆட்டத்தின் பெயர் இல்லை, ஒரே இடத்தில் இருவரும் மாறி மாறி ஒரு கல்லைப் பிடிக்கும் சண்டை. உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது, முதலில் வேறு இடத்தில் ஒரு மிரட்டல் ஆட வேண்டும். சீன விதியில் பிடிக்கிறவன் முதலில் எதிரிக்கு அப்படிக் கோ மிரட்டலாகப் பயன்படக்கூடிய இடங்களை எல்லாம் அடைத்துவிட்டு, அப்புறம் கோவைத் தொடங்கி நிஜமாகவே பிடித்துக் காட்ட வேண்டும். சொந்த இடத்தை அடைப்பதில் நஷ்டம் இல்லாததால் பெரும்பாலும் முடிவு ஒன்றுதான். எங்கேயாவது அடைக்க முடியாத மிரட்டல் ஒன்று இருந்தால் கதை மாறிவிடும்.

---

ஈசூன்வாசி எழுதியது:

ஐயா சொல்கிற அழகெல்லாம் சரி, பிடித்த கல்லைப் பத்திரப்படுத்துகிற தொல்லையை யாரும் பேசவில்லையே?

2025 ஜனவரியில் எல்ஜி கோப்பை இறுதிச் சுற்று ஞாபகம் இருக்கிறதா? கொரிய விதி, ஜப்பான் மாதிரி காலி இடமும் பிடித்த கல்லும்தான் கணக்கு. அதனால் பிடித்த கல்லைக் கிண்ண மூடியில்தான் வைக்க வேண்டும், எதிரி ஒரு பார்வையில் எத்தனை என்று பார்க்க முடிய வேண்டும் என்று கொரியாவில் கண்டிப்பாக்கியிருந்தார்கள். சீனாவின் கெ ஜியே முதல் ஆட்டத்தில் ஜெயித்தார். இரண்டாவது ஆட்டத்தில் பிடித்த கல்லை மூடியில் வைக்கவில்லை என்று இரண்டு எச்சரிக்கை, ஆட்டமே போனது. மூன்றாவதில் மறுபடி அதே காரணத்துக்கு இரண்டு புள்ளி அபராதம். நடுவர் குறுக்கிட்ட நேரம் சரியில்லை என்று அவர் தொடர்ந்து ஆட மறுத்தார், கோப்பை பியோன் சாங்-இல் கைக்குப் போனது. அப்புறம் கொரியர்களே அந்த எச்சரிக்கைத் தண்டனையைத் தளர்த்தினார்கள்.

சின்ன வயதிலிருந்து சீன முறையில் ஆடினவருக்குப் பிடித்த கல் வெறும் கல். எதிரி கிண்ணத்திலேயே திருப்பிப் போட்டால்கூட முடிவு மாறாது. ஜப்பான், கொரிய முறையில் அது காசு. ஒரு கல் மேசைக்கு அடியில் உருண்டுபோனால் ஒரு புள்ளி உருண்டுபோனது. எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் ஆடும்போது எத்தனை கல் நாற்காலிக்கு அடியில் கிடக்கும் என்று எனக்குத்தான் தெரியும், கூட்டுகிறவன் நான். அதனால் என் ஓட்டு சீன விதிக்கு.

2016ல் சியோலில் கொரிய வீரர் லீ செடோல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலுடன் ஆடியதும் சீன விதியில்தான், கோமி 7.5. கணினிக்கு எழுதுகிறவர்களுக்கு அதுதான் வசதி. செத்ததா உயிரா என்று சந்தேகம் வந்தால் பிடிக்கும் வரை ஆட வைத்துவிடலாம், கடைசியில் பலகையில் நிற்பதை மட்டும் எண்ணினால் போதும்.

---

மகிழ்அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 184.25 கணக்கை அவளிடமே போட்டுக் காட்டினேன், ஒரு தடவை கேட்டுவிட்டு, "அப்போ நான் ஜப்பானில் ஜெயித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அண்ணன் சொன்ன கோமியை அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே பாதி ஆட்டம் தெரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். செகி என்றால் என்ன, அதில் ஏன் சிக்கல்? அப்புறம், அடுத்த மாதம் வகுப்புப் பிள்ளைகளுக்குள் சின்னப் போட்டி வைக்கிறார்கள், சீன விதிதான். செயலியில் பழகியவள் எதைக் கவனிக்க வேண்டும்?

---

அரைப்புள்ளி எழுதியது:

செகி என்பது இரண்டு பக்கக் கற்களும் ஒன்றை ஒன்று பிடிக்க முடியாமல் அப்படியே நின்றுவிடுவது. யார் முதலில் கை வைத்தாலும் வைத்தவருக்கே நஷ்டம். ஜப்பான் விதியில் செகிக்குள் இருக்கும் காலி இடத்துக்குப் புள்ளி கிடையாது. சீன விதியில் உண்டு, உங்கள் கற்கள் மட்டுமே சூழ்ந்திருக்கும் இடம் உங்களுடையது. இரண்டு பேருக்கும் பொதுவான காலிச் சந்திப்பு ஒன்று மிஞ்சினால் ஆளுக்குப் பாதி. நான் சொன்ன ஒற்றைப்படைக் கணக்கு அங்கேதான் உடையும்.

போட்டிக்கு முக்கியமான விஷயம் யாருக்கும் சேராத பொது இடங்கள், டாமே என்பார்கள். ஜப்பான் விதியில் அதற்கு மதிப்பே இல்லாததால் செயலியில் பிள்ளைகள் அதை விட்டுவிட்டுச் சீக்கிரம் பாஸ் சொல்லிப் பழகிவிடுவார்கள். சீன விதியில் அங்கே வைக்கும் ஒவ்வொரு கல்லும் ஒரு புள்ளி. அவள் அசட்டையாகப் பாஸ் சொன்னால் எதிரி சும்மா ஒன்றை எடுத்துக்கொள்வான். அரைப் புள்ளியில் முடிகிற ஆட்டத்தில் அது போதும். செயலியின் அமைப்புகளில் விதிமுறை என்று இருக்கும், அதைச் சீனா என்று மாற்றினால் பெரும்பாலும் கோமியும் 7.5 ஆகிவிடும், ஆகவில்லை என்றால் கையால் மாற்றுங்கள். போட்டி வரைக்கும் அதிலேயே ஆடட்டும். கடைசி டாமே வரை நிரப்பிவிட்டுத்தான் பாஸ்.

---

கருங்கல் எழுதியது:

போட்டி முடிந்ததும் மறுபடி ஜப்பானுக்கு மாற்றிவிடுங்கள்.