பார்ட்டிசிபேட்டரி கல்ச்சர்: 'பங்கேற்பு' போதுமா?

> பார்ட்டிசிபேட்டரி கல்ச்சருக்குத் தமிழில் பங்கேற்புப் பண்பாடு என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரிகிற சொல். இன்னும் எதற்கு இழுக்க வேண்டும்?

காட்பாடி நண்பருக்கு வணக்கம்.

புரிகிற சொல்தான். என்னவென்று புரிகிறது என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. எங்கள் குடியாத்தம் பக்கத்துச் சுவரொட்டியில் 'பங்கேற்போர்' என்று பெயர் வந்தால் மேடையில் நாற்காலி, தோளில் சால்வை, அவ்வளவுதான். வந்தார், உட்கார்ந்தார், போனார். இன்னொருவர் 'பங்களிப்பு' என்று எழுதியிருந்தார். 1.4.2003-க்குப் பிறகு வேலையில் சேர்ந்த அரசு ஆசிரியர் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள், உடனே சம்பளத்தில் பிடித்தம் செய்கிற பங்களிப்பு ஓய்வூதியத்தைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார்.

அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் பார்ட்டிசிபேட்டரி கல்ச்சர் பற்றி எழுதியபோது தொலைக்காட்சித் தொடர் ரசிகர்களைத்தான் மனத்தில் வைத்திருந்தார். பார்த்துவிட்டுத் தூங்கப் போகாமல், அதே பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதியவர்கள். 2006-இல் அவரும் வேறு சிலரும் எழுதிய அறிக்கை இதை விரிக்கிறது. நுழைவதற்குத் தடை குறைவு, தெரிந்தவர் புதியவருக்குச் சொல்லித் தருவார், இப்படிச் சில அடையாளங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: எல்லோரும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, தோன்றும்போது செய்யலாம், செய்தால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். 'கூட்டாக்கம்' என்ற இன்னொரு சொல் இங்கேதான் பொருந்தாமல் போகிறது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவரை அது வெளியே தள்ளிவிடும்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். படுகளத்தன்று, அதாவது துரியோதனன் வதம் நடக்கும் நாளில், மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிக் கிடக்கிறான். ஒரு பையன் அவன் தொடைப் பக்கம் குந்தி செல்போனில் படம் பிடித்தான். அரை நிமிடமாக வெட்டி, சினிமாக் குத்துப்பாட்டு ஒன்றைச் சேர்த்து ரீல்ஸாக ஏற்றினான். அதைப் பார்த்த கூத்து வாத்தியார் ஒருவர் திட்டவில்லை. "தம்பி, இந்த இடத்துக்கு முகவீணைதான் வரணும். நாளைக்கு வா, வாசிக்கிறோம், புடிச்சிக்கோ" என்று கீழே எழுதினார். அடுத்த ரீல்ஸில், கூத்தில் ஊதுகிற அந்தச் சின்னக் குழல், முகவீணை! அதற்குக் கீழே வெளியூர்க்காரர்கள் அவரவர் ஊர்ப் படுகளத்தைப் போட ஆரம்பித்தார்கள். இதைப் போய் 'விழாவில் பங்கேற்றான்' என்றா எழுதுவது?

சரி, என் முன்மொழிவு: பங்காற்று பண்பாடு. வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் எல்லாம் அடக்கம் அல்லவா? அதுபோல நேற்றுப் பங்காற்றியவர், இன்று ஆற்றுகிறவர், நாளைக்கு ஆற்றப்போகிறவர் மூவருக்கும் இதில் இடம் உண்டு. ரீல்ஸ் போடுவதற்கு முன் பல ராத்திரி அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு கூத்துப் பார்த்ததும் சேர்த்துத்தான்.

பண்பாடா கலாச்சாரமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பொதுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களும் சேர்ந்து முடிவு செய்கிற பார்ட்டிசிபேட்டரி பட்ஜெட்டிங்குக்கு 'பங்கேற்பு' இருந்துவிட்டுப் போகட்டும்.

> என் முன்மொழிவு: பங்காற்று பண்பாடு

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. 'பங்கேற்பு' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே பயம், வினைத்தொகையில் நடுவே 'ப்' வராது என்று நமக்குத் தெரியும்; அச்சுக்குப் போனால் மெய்ப்புப் பார்ப்பவர் கட்டாயம் சேர்த்துவிடுவார். 'பங்காற்றும்' என்று 'ம்' போட்டால் தப்பிக்கலாம். ஆனால் நேற்றுப் பங்காற்றியவர் விடுபட்டுப் போகிறாரே, என்ன செய்யலாம்?