2618 பிஸ்டனுக்கு ரெண்டு தௌ போதுமா? (ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ ரீபில்டு, பெங்களூரு)

மடிவாளா_மச்சா:
350 குதிரைசக்தி வேணும், பெரிய டர்போ போடப்போறேன், எந்த பிஸ்டன்னு கேட்ட தம்பிக்கு: 2618 அலுமினியக் கலவையில அடிச்சு உருவாக்கின ஃபோர்ஜ்டு செட் வாங்கு, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல ரெண்டு தௌ (தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கிளியரன்ஸ் வை, வேலை முடிஞ்சது. நாலு தௌ வைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்டா டிசம்பர் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டீசல் ஆட்டோ மாதிரி தட்டும். போன வாரம் பிஸ்டன் ரிங்கோட முனைகளுக்கு நடுவுல விடுற இடைவெளிக்கு, அதான் ரிங் கேப்புக்குச் சாமியாடின மகான் இங்கயும் வருவாரு, வேடிக்கை பாருங்க.

டயல்கேஜ்:
வந்துட்டேன். 2618-க்கு ரெண்டு தௌவா? பிஸ்டன் பெட்டிக்குள்ள ஒரு அளவுத் தாள் இருக்குமே, அதை வடை மடிக்கவா வெச்சிருக்கீங்க?

82.5 மிமீ போர் (சிலிண்டர் துளையோட விட்டம்), டர்போ, 2618 உலோகம்: மூணரை முதல் நாலு தௌ. அதாவது 0.09 முதல் 0.10 மிமீ. நீங்க சொல்ற ரெண்டு, ரெண்டரை இன்னொரு அலுமினியக் கலவையான 4032-க்குத்தான் பொருந்தும். 4032-ல சிலிக்கான் 12 சதவீதம் பக்கம். 2618-ல கால் சதவீதம்கூட இல்ல, அதனால சூட்டுல கூடுதலா விரியும். டிகிரிக்கு, மீட்டர் நீளத்துக்கு 22 மைக்ரான் பக்கம், 4032-க்கு 19. ஸ்கர்ட்டோட (பிஸ்டனோட கீழ்ப் பக்கச் சுவர்) சூடு 120 டிகிரி ஏறினா 82.5 மிமீ-ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமே 0.03 மிமீ. ஒரு தௌவுக்கு மேல. அந்த ஒரு தௌ எங்க போச்சு?

மடிவாளா_மச்சா:
120 டிகிரின்னு யாரு அளந்தா? ஸ்கர்ட்டுக்கு உள்ள தெர்மாமீட்டர் விட்டீங்களா சார்? கம்பெனி பிஸ்டன் ரெண்டு தௌவுக்கும் கீழதான் வருது. ஜெர்மன்காரன் முட்டாள், நீங்க புத்திசாலி.

டயல்கேஜ்:
கம்பெனி பிஸ்டன் சிலிக்கான் நிறைஞ்ச வார்ப்பு. விரிவு கம்மி, அதனால இறுக்கமா வைக்க முடியுது. அதே இடத்துல 2618-ஐ ரெண்டு தௌல திணிச்சா சில்க் போர்டு நெரிசல்ல ஒண்ணும் தெரியாது. நைஸ் ரோடுல முழு பூஸ்ட்ல நாலஞ்சு இழுப்பு இழுத்துட்டுக் கழட்டிப் பாருங்க. பிஸ்டனை ராடோட சேர்க்குற பின்னுக்கு (pin) ரெண்டு பக்கமும், ஸ்கர்ட்டோட நாலு மூலையிலயும் செங்குத்தா உரசின கோடு இருக்கும். நடுவுல ஒண்ணும் இருக்காது. அந்த நாலு மூலைக் கோட்டைப் பார்த்துட்டு "ஆயில் சரியில்ல"ன்னு எழுதுற ஆளுங்களும் இங்க உண்டு.

ரெட்லைன்_ரங்கா:
ஆயில் பத்திச் சொன்னது நான்தான், நேரடியா பேரைச் சொல்லுங்க தல. 10டபிள்யூ-60 ஊத்தினா இந்தப் பஞ்சாயத்தே இல்ல.

அப்புறம் 4032 பத்தி யாரும் வாயைத் திறக்க வேண்டாம். டர்போவுல நாக்கிங் (பெட்ரோல் கலவை தானா வெடிக்கிறது) வந்தா 4032-ல ரிங் லேண்ட் (ரிங் பள்ளங்களுக்கு நடுவுல இருக்கிற மேடு) விரிசல் விட்டுரும். 2618 வளைஞ்சு கொடுக்கும். அவ்ளோதான்.

டயல்கேஜ்:
ரங்கா, 4032-ஐ யாரும் இங்க சிபாரிசு பண்ணல. ஆனா கேட்டுக்குங்க: தினமும் ஆபீஸுக்கு ஓட்டுற வண்டி, மிதமான பூஸ்ட், ட்யூனிங் ஒழுங்குன்னா 4032 சத்தமில்லாம ஓடும், ரிங் பள்ளமும் சீக்கிரம் தேயாது. 350-க்கு மேல, எக்ஸ்பி95 பெட்ரோலை நம்பி ஓட்டுறதுன்னா 2618. அதுல உங்களோட சண்டை இல்ல. என் சண்டை ரெண்டு தௌவோட.

மூணரை தௌன்னா குளிர்ல கொஞ்சம் தட்டும், வாஸ்தவம். ஆயில் சூடானதும் அடங்கிடும். அளவில்லாம அகலமா விட்டா அதுவும் வினை. பிஸ்டன் ஆடும், ரிங் சரியா உட்காராது, ஆயில் குடிக்கும், நாக் சென்சார் அந்தத் தட்டலை நாக்கிங்னு நினைச்சு டைமிங்கைப் பின்னால இழுக்கும். அதுக்காக ரெண்டு தௌவா?

லாரா_தம்பி:
அண்ணா, லால்பாக் ரோடு பக்கம் ஒரு ஷாப்புல பிஸ்டன் வர்றதுக்குள்ள 82.5 சிலிண்டரை 83.00-க்கு போர் பண்ணி (துளையைப் பெரிசாக்கி) வெச்சுடலாம்ங்கறாங்க. சரியா?

டயல்கேஜ்:
கூடவே கூடாது. பிஸ்டன் கையில வந்ததும் தாள்ல சொன்ன இடத்துல, பின்னுக்கு 90 டிகிரியில மைக்ரோமீட்டர் வெச்சு நாலையும் தனித்தனியா அள. ஸ்கர்ட் நேர்க்குழாய் இல்ல, 10 மிமீ மேல கீழ போனாலே அளவு மாறும். கருப்பு கோட்டிங் மேல அளக்கலாமா கூடாதான்னும் தாள்லயே இருக்கும். பிளாக்கையும் பிஸ்டனையும் ராத்திரி முழுக்க ஒரே அறையில வை. டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா பிளாக் மேல இறுக்குற கனத்த தகடு) போட்டு, ஹெட் போல்ட் இறுக்கம் அப்படியே கொடுத்துத்தான் கடைசி ஹோனிங் (துளையைத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டு வர்றது). பிளேட் இல்லாம ஹோன் பண்ணினா ஹெட் ஏறினதும் போர் வட்டமா நிக்காது. டார்க் பிளேட் இல்லாத ஷாப்னா வேற ஷாப் பாரு.

மடிவாளா_மச்சா:
83-ன்னு எழுதின பிஸ்டனை அளந்து பார்த்திருக்கீங்களா? 82.91 இருக்கும். கிளியரன்ஸைக் கம்பெனிக்காரனே உள்ள வெச்சுத்தான் அனுப்புறான். 83.00-க்கு போர் பண்ணினா தானா சரியாயிடும். இவ்ளோ பிரசங்கம் எதுக்கு?

டயல்கேஜ்:
83.00-ல 82.91 போனா மீதி எவ்ளோ மச்சா? 0.09. மூணரை தௌ. உங்க ரெண்டு தௌ வேணும்னா போரை 82.96-ல நிறுத்தணும். உங்க கணக்கே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது.

மடிவாளா_மச்சா:
கோட்டிங்கைக் கழிக்க மறந்துட்டீங்க. பக்கத்துக்கு அரை தௌ, ரெண்டு பக்கமும் ஒரு தௌ. மூணரையில ஒண்ணு போனா ரெண்டரை. நான் சொன்னதுதான் வந்து நிக்குது.

டயல்கேஜ்:
கோட்டிங் ஓட ஓட தேயும். பல கம்பெனி அதைக் கணக்குல சேர்க்காம, வெறும் உலோகத்தோட அளவைத்தான் கொடுக்குது. அப்பவும் ரெண்டு வரலையே, ரெண்டரைதானே வந்துச்சு?

ரெட்லைன்_ரங்கா:
ரெண்டு பேரும் ரிங் கேப்பை விட்டுட்டீங்க. பாதி எஞ்சின் அங்கதான் போகுது.

டயல்கேஜ்:
போன வாரமே எழுதியாச்சு, படிக்கத்தான் ஆளில்ல. டர்போவுக்கு போர் பெருக்கல் 0.0055. 83 மிமீ போருக்கு முதல் ரிங் 0.46 மிமீ, ரெண்டாவது 0.50. பிஸ்டனால ரிங்கை 25 மிமீ உள்ள தள்ளி நேரா உட்கார வெச்சு ஃபில்லர் கேஜ் விடணும். ஒரு முனையை மட்டும் ராவி, பிசிறை எடுக்கணும். கேப் கம்மியானா சூட்டுல முனையும் முனையும் முட்டி ரிங் லேண்டைப் பேத்துடும். பழி பிஸ்டன் மேல விழும்.

தம்பி, இன்னும் ரெண்டு. பின் (pin) விட்டத்தைப் பழைய கனெக்டிங் ராடுல அளந்துட்டு ஆர்டர் பண்ணு. பிஸ்டன் அடிமட்டத்துல இருக்கும்போது ஆயில் ஜெட்டுல ஸ்கர்ட் இடிக்குதான்னு கையால கிராங்க்கைச் சுத்திப் பாரு. பின் லாக் எல்லாம் புதுசு.

லாரா_தம்பி:
சரிண்ணா. முதல் ஸ்டார்ட்டுக்கு எந்த ஆயில்?

ரெட்லைன்_ரங்கா:
10டபிள்யூ-60.

டயல்கேஜ்:
புது ரிங் உட்கார மினரல் ஆயில்தான். ரங்கா, அந்த டப்பாவைக் கொஞ்சம் மூடி வைங்க.

ரெட்லைன்_ரங்கா:
டயல்கேஜ்னு பேரு வெச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா தல? ஆயிலுக்குத் தனி த்ரெட் போடறேன், அங்க வாங்க.

மடிவாளா_மச்சா:
அவரு அங்கயும் வருவாரு, கவலை வேண்டாம். தம்பி, ரெண்டு தௌ. எழுதி வெச்சுக்கோ.

டயல்கேஜ்:
தாளோட போட்டோ போடுங்க மச்சா. 2618-க்கு ரெண்டுன்னு எந்தக் கம்பெனி அச்சடிச்சிருக்குன்னு நானும் பார்க்கறேன்.

மடிவாளா_மச்சா:
முதல்ல உங்க 120 டிகிரிக்குப் போட்டோ போடுங்க சார்.