அப்பாவின் கிட்னி மாத்திரைகள்: எது எதற்கு என்று எப்படிப் புரியவைப்பது?

தென்காசி மகள்:
அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையால் கிட்னி பாதித்து நாலாம் நிலை, டயாலிசிஸ் இன்னும் இல்லை. மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார். போன மாதம் மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனை வேறு கம்பெனியில் கொடுத்தார்கள். புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துப் போட்டுத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். செவலமர் மாத்திரை எதற்கு என்று கேட்டால், "அது கிட்னிக்கு, படுக்கும்போது போடுவேன்" என்கிறார். சோடா மாத்திரை வயிறு உப்பினால் மட்டும். டாக்டர் எது சொன்னாலும் "சரி சார்"தான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வாரம் மூன்று முறை:
நான் டயாலிசிஸில் இருப்பவன். படுக்கும்போது போடும் செவலமரால் பயனே இல்லைம்மா. சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சோற்றோடு உள்ளே போனால்தான் பிடிக்கும். என் வீட்டில் அது ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அப்புறம், "புரிந்ததாப்பா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். "நாளைக்கு அம்மாதான் எடுத்துத் தரணும், எது எப்போன்னு அம்மாவுக்குச் சொல்லுங்க" என்று விடுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்துவிடும்.

கடைக்காரர், மதுரை:
பார்மசிஸ்ட் நான். கம்பெனிப் பெயர் மாறும், நிறமும் மாறும். பட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் மாறாது. அதைப் பெரிதாகத் தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். பழைய பட்டையை வீட்டில் வைக்காதீர்கள். சோடா மாத்திரை வாயுவுக்கு இல்லை, கிட்னி வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் சேரும் அமிலத்தைக் குறைக்க. டாக்டர் எழுதியபடி தினமும் போட வேண்டும்.

இன்னொன்று, சீட்டில் இல்லாததையும் கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் என்று ஏதாவது வாங்குகிறாரா? நாலாம் நிலையில் இருப்பவருக்கு அதுதான் பெரிய ஆபத்து.

தென்காசி மகள்:
கேட்டேன். சட்டைப்பையிலிருந்தே ஒரு பட்டை வந்தது, அசெக்ளோபினாக். "இது மருந்தா? வலி மாத்திரைதானே" என்கிறார். பிடுங்கி வைத்துவிட்டேன். டாக்டரிடம் போன் போட்டுச் சொல்லியாயிற்று, வலிக்கு வேறு என்ன போடலாம் என்று நாளைக்கு நேரில் கேட்கப் போகிறோம். செவலமர் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.