சைக்கோலஜி படிக்கிற தங்கச்சி விட்டுட்டு வரேங்கிறா, கூட்டிட்டு வரவா வேணாமா?

கொட்டகலை அண்ணன்:
தங்கச்சி கெம்பஸ்ல செகண்ட் இயர், சைக்கோலஜி ஸ்பெஷல். எந்த கெம்பஸ்னு கேக்காதீங்க. ஃபர்ஸ்ட் இயர்ல நல்லா செஞ்சிதான் ஸ்பெஷலுக்கே செலக்ட் ஆனா, இப்ப ஸ்டெடிஸ்டிக்ஸ் பேப்பர் ஒன்னு போச்சு, லெக்சர் எல்லாம் இங்லிஷ்ல, ராத்திரில தூங்குறதே இல்லன்னு ரூம் புள்ள சொல்லுது, கோல் எடுத்தா "விட்டுட்டு வந்துரவா"ன்னு தான் கேக்குறா. ஸ்டூடண்ட் கவுன்சலர்கிட்ட போம்மான்னேன். அவரு தான் எனக்கு பாடம் எடுக்குறாரு, என் பேப்பரையும் அவரு தான் திருத்துறாரு, அவரு முன்னாடி உக்காந்து எப்டி அழுவுறதுன்னு கேக்குறா. அம்மாவுக்கு தோட்டத்துல அரைப்பேரு, அதான் அரைநாள் சம்பளம், விழுந்த மாசத்துலயும் காசு அனுப்பி படிக்க வச்சோம், இருந்தாலும் புள்ள நல்லா இருந்தா போதும், வரச்சொல்லுன்னு அம்மா சொல்லுது.

நோர்வூட்காரன்:
அம்மா சொல்றது சரி. கூட்டிட்டு வாங்கண்ணே. சைக்கோலஜி முடிச்சிட்டு என்னா வேலை? ஸ்கூல்ல அது ஒரு பாடமே இல்ல, ஏ.எல், அதான் உயர்தரத்துலயும் லொஜிக் தான் இருக்கு, அப்ப டீச்சிங் எடுக்கும்போது தமிழ், ஜியோகிரஃபி செஞ்சவங்க பின்னாடி தான் நிக்கணும். கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் ஆவணும்னா டிகிரி பத்தாது, அதுக்கு மேல படிச்சு மெடிக்கல் கவுன்சில்லயும் பதியணும். அதுவரைக்கும் யாரு சோறு போடுவா? கவுன்சலிங்னு கெம்பஸ்ல இருக்கிறது ஓட்டை குடை, மழை இல்லாத நேரம் புடிச்சிக்கிட்டு நிக்கலாம்.

பதுளை மதி:
நான் இதே பாடத்த தான் முடிச்சேன், அதனால பேசுறேன். ஸ்டெடிஸ்டிக்ஸ் போறது சாதாரணம் தம்பி. ஓ.எல், அதான் சாதாரணதரத்தோட கணக்க மூடி வச்சிட்டு ஏ.எல்ல ஆர்ட்ஸ் செஞ்ச புள்ளைக்கு திடீர்னு ஸ்டேண்டர்ட் டீவியேஷன், டி டெஸ்ட், கோரிலேஷன், எஸ்.பி.எஸ்.எஸ்ங்கிற கணக்கு சொஃப்ட்வெயார்னு கொண்டாந்து கொட்டுனா தலை சுத்தத்தான் செய்யும். ரிப்பீட் எழுதலாம். பல கெம்பஸ்ல ரிப்பீட்டுக்கு சி க்கு மேல போட மாட்டாங்க, டிகிரில க்ளாஸ் அடிபடும், அவ்வளவு தான்.

கவுன்சலர் விசயத்துல தங்கச்சி கேட்டது ரொம்ப சரியான கேள்வி. பாடம் எடுத்து மார்க்ஸ் போடுறவரு அதே புள்ளைக்கு கவுன்சலிங் செய்யக்கூடாதுங்கிறது எங்க தொழிலோட அடிப்படை ஒழுங்கு, நல்ல லெக்சரரா இருந்தா அவரே வேற ஆளுகிட்ட அனுப்பிருவாரு. நம்ம இலங்கை கெம்பஸ்ல ஸ்டூடண்ட் கவுன்சலர்னு போடுறது லெக்சரர்மார தான். ஹொஸ்டல், காசு, ராகிங் மாதிரி பிரச்சினைக்கு அவங்கள பாக்கலாம். மனசுக்கு வேற ஆளு வேணும். கெம்பஸ் ஹெல்த் சென்டர்ல டொக்டர்கிட்ட முதல்ல தூக்கம் இல்லன்னு மட்டும் சொல்லட்டும், அங்கருந்து அனுப்புவாங்க.

நோர்வூட்காரன்:
அனுப்புவாங்க, எங்க அனுப்புவாங்க, எந்த பாசைல? மதி அக்கா, தோட்டத்து லயத்துல வளந்த புள்ள மனசுல இருக்கிறத தமிழ்லயே முழுசா சொல்லாது, இதுல சிங்களத்துல சொல்லி இங்லிஷ்ல எழுதி வாங்கணுமா? என் கூட்டாளிக்கு நடந்துச்சு. ஒருக்கா போனான், உள்ள இருந்தவருக்கு தமிழ் வராது, சிங்கள பெட்ச்மேட் ஒருத்தன வச்சி மொழிபெயர்த்தாங்க. ஒரு வாரத்துல ஹொஸ்டலுக்கே தெரிஞ்சிருச்சு.

பதுளை மதி:
அது கேவலம், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கூட படிக்கிறவன உள்ள வச்சி மொழிபெயர்க்க விட்டதே பெரிய தப்பு. ஆனா இதத்தானே நானும் சொல்றேன், தோட்டத்து பேச்சு புரிஞ்ச ஆளுங்க அந்த நாற்காலில இல்ல, அதுக்கு வரப்போறவங்கள நீங்களே வீட்டுக்கு கூட்டிட்டு வாங்கங்கிறீங்க. அதுவரைக்கும் என்ன செய்யன்னா, 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தோட லைன், தமிழ்லயும் பேசலாம். அண்ணனுக்கு ஒன்னு, சாகணும்ங்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தா இந்த விவாதத்த எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே நேரா போயி கையோட ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

இன்னொன்னு, ஸ்டெடிஸ்டிக்ஸ் எதுக்குன்னு அவ கேப்பா. 1995ல நம்ம நாட்டுல ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செஞ்சிக்கிட்டாங்க. கொடிய பூச்சி மருந்துகள தடை செஞ்ச பிறகு அது பெரிய அளவுல குறைஞ்சிச்சு. அந்த தடையால தான் குறைஞ்சிச்சுன்னு காட்டுனது இந்த கணக்கு தான்.

நோர்வூட்காரன்:
அது டொக்டர்மார் செஞ்சது, சைக்கோலஜி கணக்குல எழுதாதீங்க 😄

கம்பளை டீச்சர்:
ரெண்டு பேரும் சண்டைய கொஞ்சம் நிப்பாட்டுங்க. மகன், விட்டுட்டு வாறது வேற, லீவு எடுக்கிறது வேற. யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியா ஒருக்கா பதிஞ்சு படிச்சிட்டு பாதில விட்டா மறுபடி இன்னொரு கோர்ஸ் எடுக்கிறது லேசு இல்ல. மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து ஒரு செமஸ்டர் தள்ளி வைக்க முடியுமான்னு ஃபெகல்ட்டி ஒஃபீஸ்ல கேக்க சொல்லுங்க, வாயால கேட்டு வராம எழுத்துல குடுத்து கொப்பி ஒன்னு வச்சிக்கணும். பல இடத்துல 80 வீதம் அட்டெண்டன்ஸ் இல்லன்னா எக்ஸாமே எழுத முடியாது, சொல்லாம கொள்ளாம வீட்ல வந்து நின்னுட்டா அதுவும் போச்சு. மஹாபொல, பர்சரின்னு உதவிப்பணம் எது வந்தாலும் லீவு காலத்துல வருமான்னும் சேத்து கேளுங்க. ராகிங் ஏதும் இருக்கான்னும் மெதுவா விசாரிங்க, 1998லயே அதுக்கு சட்டம் வந்துருச்சு, 20ம் இலக்கம், புள்ளைங்க பயத்துல வாய தொறக்குறது இல்ல.

நோர்வூட்காரன்:
டீச்சர் சொல்ற லீவுக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா வீட்ல இருக்கிற அந்த ஆறு மாசத்துல ஏதாவது கோர்ஸ் ஒன்னு செய்யட்டும், நர்சிங் பக்கமும் விசாரிக்கட்டும். டிகிரி மட்டும் நம்பி இருக்க வேணாம், அத நான் மாத்த மாட்டேன்.

பதுளை மதி:
தூக்கம் வராத புள்ளைக்கு கோர்ஸ் வேறயா? முதல்ல தூங்கட்டும் ஐயா.

கொட்டகலை அண்ணன்:
எல்லாருக்கும் நன்றி. இப்ப தான் பேசுனேன். ராகிங் இல்லயாம், இங்லிஷும் கணக்கும் தான் பயமாம். ஹெல்த் சென்டருக்கு ரூம் புள்ளையோட போறேன்னு சொல்லிருக்கா, லீவு பத்தி அப்புறம் பாப்போம்ங்கிறா. ஞாயித்துக்கிழமை நான் ட்ரெயின்ல போயி பாக்கப்போறேன். மதி அக்கா, ஸ்டெடிஸ்டிக்ஸ் தமிழ்ல வெளங்குற மாதிரி நோட்ஸ் ஏதும் இருக்கா?

பதுளை மதி:
இருக்கு, கையால எழுதுனது, இங்லிஷ் சொல்லு பக்கத்துலயே தமிழ்ல வெளக்கம் போட்டிருக்கேன். ஃபோட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல போடுறேன். டி டெஸ்ட் வரைக்கும் தான் ஒழுங்கா இருக்கு, அதுக்கு பொறகு உள்ளத நான் நேர்ல தான் சொல்லிக்குடுக்கணும், நம்பர அவகிட்ட குடுங்க.