கிரியோல் என்றால் தப்புப் பிரெஞ்சா?

கொழிஞ்சாம்பாறைத் தமிழன்:
கூடப் படிக்கும் ஒருவர், கரீபியன் நாடான ஹைட்டியில் பேசும் கிரியோல் (வேறு வேறு மொழிக்காரர்கள் ஒன்றாக வாழ நேர்ந்தபோது பிறந்து, பிறகு தாய்மொழியாகிவிட்ட கலப்பு மொழி) வெறும் தப்புப் பிரெஞ்சு, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களுக்குப் பிரெஞ்சு சரியாக வராததால் அப்படி ஆகிவிட்டது என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அடியில் பிரெஞ்சுதான் இருக்கிறது. அந்த மக்களின் சொந்த மொழிகள் எதையுமே விட்டுப்போகவில்லையா?

வேலந்தாவளம் அக்கா:
தம்பி, சொல்லை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். நம்ம பக்கத்து மலையாளக் கடையில் போய்ச் சர்க்கரை கேட்டுப் பாருங்கள், வெல்லத்தைப் பொட்டலம் கட்டித் தருவார்கள், சீனி வேண்டுமென்றால் பஞ்சசார என்று கேட்கணும். கேட்பது நமக்குத் தெரிந்த சொல், உள்ளே இருக்கும் பொருள் வேறு. ஹைட்டியில் கண்ணீருக்கு 'த்லோ ஜே' என்பார்கள். 'த்லோ' தண்ணீர், 'ஜே' கண், இரண்டுமே பிரெஞ்சிலிருந்து வந்தவை, ஆனால் பிரெஞ்சில் கண்ணீருக்கு 'லார்ம்' என்று தனிச் சொல் இருக்கிறது. ஜமைக்காவின் கிரியோலில் ஆங்கிலச் சொற்களை வைத்து 'யை வாட்டா' என்கிறார்கள். நைஜீரியாவின் இக்போ மொழியில் கண்ணீர் 'அன்யா ம்மிரி', அதாவது கண் நீர். கானாவின் ட்வி மொழியிலும் இதே சேர்க்கைதான்.

செங்கோட்டை வாசகர்:
அக்கா சொன்னது அழகு, ஆனால் ஒரு சந்தேகம். தமிழிலும் அது கண்ணீர்தானே? ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் தொடர்பில்லாமலே ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது, அதனால் இதை மட்டும் வைத்து வாதாட முடியாது. இதைவிட உறுதியானது ஜமைக்காவின் 'உனு'. 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு இக்போவிலும் இதே 'உனு'தான். சாப்பாட்டுப் பெயர் கடலைத் தாண்டிப் போவது சாதாரணம், நீ, நீங்கள் மாதிரியான சொற்கள் லேசில் இடம் மாறாது. அப்புறம் ஹைட்டியில் 'லிவ் லா' என்றால் அந்தப் புத்தகம், சுட்டும் சொல்லான 'லா' பின்னால் வருகிறது. பெனின் பக்கத்து ஃபோன் மொழியிலும் அது பின்னால்தான் வரும், அந்தக் கடற்கரையிலிருந்து ஏராளமானவர்களை ஹைட்டிக்குக் கப்பலேற்றினார்கள். பேச்சுப் பிரெஞ்சிலும் 'லா' பின்னால் ஒட்டுவது உண்டு, ஆகவே இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளியது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் நண்பருக்குக் கல்லா மொழியைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் கறுப்பின மக்கள் பேசுவது. அதையும் உடைந்த ஆங்கிலம் என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். லோரன்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஆப்பிரிக்க மொழிகளையும் படித்து, கல்லாவில் உள்ள ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கப் பெயர்களையும் சொற்களையும் 1949ல் நூலாகக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்க மொழி தெரியாதவர் காதில் அதெல்லாம் பிழையாகத்தான் விழுந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைத் தமிழன்:
ரொம்ப நன்றி. அப்படியானால் மலையாளம் கலந்த எங்கள் தமிழும் கிரியோலா?

வேலந்தாவளம் அக்கா:
இல்லை தம்பி. நமக்கு அம்மா பேசிய தமிழ் அறுபடாமல் வந்திருக்கிறது, கலப்பு அதன் மேல்தான். அவர்களுடைய கதை வேறு, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத மக்களைப் பிடித்துவந்து ஒரே கரும்புத் தோட்டத்தில் போட்டார்கள். கேரளத்திலேயே கிரியோல் இருந்தது, கொச்சிப் பக்கம் வைப்பினில் போர்ச்சுகீசியக் கிரியோல். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரோசாரியோ 2010ல் காலமானார்.